சாலைக்கு நிலம் விடுவோர் கவனத்திற்கு

மலைப்பகுதிச் சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் ஆண்டுதோறும் தவறாமல் நிறைவேறும் தீர்மானம் ஒன்று உண்டு. சாலை வேண்டும், இருக்கும் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்பதே அது. கோரிக்கை நியாயமானதே. பறித்த பசுந்தேயிலை அன்றைய தினமே ஆலைக்குச் சேராவிடில் தரம் கெடும், விலையும் குறையும். ஆயினும், சாலையைக் கேட்கும் நாம், மலையை எவ்வாறு வெட்டப் போகிறார்கள் என்று கேட்பதில்லை. இக்குறையையே அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

2009ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40க்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய மழையைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் அம்மழைக்கு எந்தச் சரிவு தாங்கும், எது தாங்காது என்பதில் மனிதனுடைய கைக்கும் பங்கு உண்டு.

நீலகிரியின் பாறை நெடுங்காலமாகச் சிதைந்து, பல இடங்களில் ஆழமான செம்மண்ணாக நிற்கிறது. உலர்ந்த காலத்தில் செங்குத்தாக வெட்டினாலும் அம்மண் சுவர்போல் நிற்கும். கோடையில் காண்போர் அது உறுதியானது என்றே எண்ணுவர். மழைநீர் உள்ளே இறங்கியதும் மண்ணின் எடை கூடுகிறது. துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் ஏறிப் பிடிப்புத் தளர்கிறது. தாங்கி நின்ற அடிமண்ணையோ சாலைக்காக முன்னரே வெட்டிவிட்டோம்.

இதற்கு ஒப்பந்தக்காரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. சரிவைச் சாய்வாக வெட்ட, மேற்புறத்தில் இன்னும் சில அடி நிலம் தேவை. அங்கே நிற்பவை நம் தேயிலைச் செடிகள். இரண்டு வரிசைச் செடிகளை இழக்க மனமின்றி நாம் மறுக்கும்போது, செங்குத்தாக வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லாமற் போகிறது.

நம் தவற்றையும் மறைப்பதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தில், ஆலைக்குச் செல்லும் பாதையை அகலப்படுத்தும் மதிப்பீட்டிலிருந்து வடிகாலுக்குரிய தொகையை நிர்வாகக் குழு நீக்கியிருந்தது. ஆய்வுக்குச் சென்ற நாம் அதைச் சிக்கனம் என்று பாராட்டிக் குறிப்பெழுதினோம். அடுத்த வடகிழக்குப் பருவமழையில் வெட்டின் மேற்பகுதி, செடிகளோடு பாதையில் வந்து விழுந்தது. அவ்வேளையில் பாதையில் ஒருவரும் இல்லாதது நற்பேறே. மண்ணை அகற்ற ஆன செலவு, மிச்சப்படுத்திய தொகையினும் பன்மடங்கு. நமது குறிப்பு இன்றும் அக்கோப்பில் இருக்கிறது.

ஆகவே, நிலத்துக்கு ஒப்புதல் தருமுன் சங்கங்கள் சிலவற்றை எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். வெட்டு எவ்வளவு சாய்வாக அமையும்? சாய்க்க இயலாத இடத்தில், நீர் கசிந்து வெளியேறத் துளைகள் வைத்த தாங்குசுவர் எழுப்பப்படுமா? வெட்டுக்கு மேலே நீரைத் தடுத்துத் திருப்பும் வாய்க்கால் உண்டா? அந்நீர் எந்த ஓடையில் சேரும்? வெட்டிய மண்ணை ஓடையிலோ கீழ்ச்சரிவிலோ தள்ளாமல் எங்கே சேர்ப்பார்கள்? மழைக்கு முன் வேலை முடியுமா? நாமும் தோட்டத்து வாய்க்கால் நீரை வெட்டின் விளிம்பில் விடலாகாது. வெட்டிய சரிவில் வெட்டிவேர் நடலாம். மேல்மண் அரிக்காமல் அது காக்கும். எனினும் வாய்க்காலுக்கும் சுவருக்கும் அது ஈடாகாது.

அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு இரண்டு வரிசைச் செடிகள் சிறு இழப்பல்ல என்பதை அறிவோம். அவ்விழப்பை அவர் ஒருவர் தலையில் சுமத்துவது கூட்டுறவாகாது. சாலையால் அனைவரும் பயனடைவதால், நிலம் விடுபவருக்குத் தக்க ஈடு கிடைக்கச் சங்கமே முன்னின்று வாதாட வேண்டும். கிடைக்காவிடில் அங்கத்தினர்கள் பங்கிட்டுத் தர வேண்டும்.

வடிகாலும் தாங்குசுவரும் சாலையோடு சேர்ந்தவை. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கத்தக்க செலவுகள் அல்ல. வரும் பொதுக்குழுவில் சாலைத் தீர்மானத்தை முன்மொழியும் அங்கத்தினர், இவ்விரண்டையும் அதே தீர்மானத்தில் சேர்த்து முன்மொழிவாராக.