எழுத்தைப் பெரிதாக்கினால் பட்டன் எங்கே போகிறது?

பார்வை மங்கிய பெரியவர் ஒருவர், செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி பென்ஷன் விண்ணப்பத்தை நிரப்புகிறார். பாதி வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. 'சமர்ப்பி' பட்டனைக் காணவில்லை. தவறு அவருடையதா?

நிச்சயமாக இல்லை. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கேஒய்சி நடைமுறையால், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தவித்த வழக்கு நினைவிருக்கிறதா? டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, பட்டன் ஏன் மறைகிறது? இணையப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பது சிஎஸ்எஸ். அதில் ஒரு பெட்டிக்கு '600 பிக்சல் அகலம்' என்று கறாராக எழுதினால், சின்னத் திரையில் அடங்காது. 'அதிகபட்சம் 600' என்று மாற்றினால், பெட்டி திரைக்கேற்ப சுருங்கிக்கொள்ளும். உயரத்தையும் பூட்டி, மிஞ்சியதை மறைக்கச் சொன்னால், பெரிதான எழுத்துகள் வெட்டுப்படும். உயரத்தைப் பூட்டாமல் விட்டால் பெட்டி தானாக நீளும்.

எழுத்தை 200 சதவிகிதம் பெரிதாக்கினாலும் எதுவும் மறையக் கூடாது என்கிறது, டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டி.

நீங்களே சோதிக்கலாம். பிரவுசர் செட்டிங்ஸில் எழுத்தளவை 200 சதவிகிதமாக்கி, அடிக்கடி பயன்படுத்தும் தளத்தைத் திறந்து பாருங்கள். ஏதாவது மறைந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தத் தளத்தின் உதவி மையத்துக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் அது உதவும்!