முதலில் வாங்குபவன் முட்டாளா?

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது முன்னோர் வாக்கு. ஆனால் யாராவது ஒருவர் முதலில் காலை விட்டுப் பார்த்தால்தானே ஆற்றின் ஆழம் ஊருக்குத் தெரியும்? அந்த முதல் மனிதரை நாம் துணிச்சல்காரர் என்று பாராட்டுவதில்லை. ஏமாளி என்றுதான் எள்ளி நகையாடுகிறோம். புதிதாக வந்த மின்சாரக் காரை வாங்கிய என் மாமாவுக்கும் குன்னூர் டாக்சி ஸ்டாண்டில் அந்தப் பெயர்தான் கிடைத்தது.

மாமா இருபது ஆண்டுகளாக டாக்சி ஓட்டுபவர். டீசல் விலை ஏற ஏற, அவர் கையில் மிஞ்சும் பணம் குறைந்துகொண்டே வந்தது. பழைய வண்டியை விற்று, அத்தையின் நகையை அடகு வைத்து, மீதிக்கு வங்கிக் கடன் எழுதிக்கொண்டு, புதிய மின்சாரக் கார் ஒன்றை வாங்கத் துணிந்தார். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு சமவெளியில் இருந்த ஒரு விற்பனை நிலையத்திற்குப் போனார்.

"ஒருமுறை சார்ஜ் செய்தால் 400 கிலோமீட்டர் ஓடும் சார்" என்றார் விற்பனையாளர்.

"தம்பி, எங்கள் மலையில் எவ்வளவு ஓடும்?" என்று கேட்டார் மாமா.

"நன்றாக ஏறும் சார்" என்று பதில் வந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று!

வீடு திரும்பியதும் மாமா, "ஏம்ப்பா, இயற்பியல் படிக்கிறாயே, நீயாவது கணக்குப் போட்டுச் சொல்" என்றார். போட்டேன். ஒரு டன் எடையை ஒரு கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்க ஏறத்தாழ 2.7 யூனிட் மின்சாரம் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் சாலை வழியே சுமார் 50 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரமோ சுமார் 1,900 மீட்டர். ஐந்து பேரும் பெட்டிகளுமாகக் காரின் எடை 2 டன் என்று வைத்துக்கொண்டால், உயரம் ஏறுவதற்கு மட்டுமே 10 யூனிட்டுக்கு மேல் போய்விடும். மோட்டாரில் வீணாவதையும், சக்கரமும் காற்றும் தடுப்பதையும் சேர்த்தால் 17 யூனிட் ஆகிறது. பேட்டரியில் மொத்தம் இருப்பதே 40 யூனிட். விளம்பரக் கணக்கின்படி 50 கிலோமீட்டருக்கு 5 யூனிட்; மலையின் கணக்கின்படி 17 யூனிட்!

மாமா அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தே வண்டியை வாங்கினார். முதல் சவாரியாக, மேட்டுப்பாளையத்தில் ரயிலில் வந்திறங்கிய ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டார். அங்கே 100 என்று காட்டிய பேட்டரி உதகையில் 55 என்று நின்றது. ஆனால் திரும்பி இறங்கியபோது நடந்ததுதான் விந்தை. 55 என்றிருந்தது மேட்டுப்பாளையத்தில் 58 ஆகியிருந்தது! இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஏறும்போது வாங்கிய கடனில் ஒரு பங்கை மலை திருப்பிக் கொடுத்துவிட்டது. எந்த டீசல் வண்டிக்கும் கிடைக்காத சலுகை அல்லவா இது?

இந்தச் சலுகைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. உதகையில் பேட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு உடனே இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தைச் சேமிக்க இடமிருக்காது. அப்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாரமெல்லாம் சக்கர பிரேக்கின் மீதே விழும். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்குபவர் பேட்டரியில் சிறிது இடம் விட்டுவைக்க வேண்டும். உறைபனிக் காலத்தில் குளிர்ந்த பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். விற்பனை நிலையத்தில் இவற்றுள் ஒன்றையேனும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நம் நாட்டில் மின்சாரக் கார் நேற்று முளைத்ததன்று. 1993இல் 'லவ்பேர்ட்' என்ற இருவர் அமரும் சிறு கார் வந்தது. ஈயப் பேட்டரியில் ஓடிய அதற்குச் செங்குத்தான ஏற்றங்கள் எட்டாக்கனியாயின. விரைவிலேயே மறைந்தும் போயிற்று. 2001இல் பெங்களூரில் 'ரேவா' பிறந்து, லண்டன் தெருக்கள் வரை சென்றது. 2020 ஜனவரியில் டாடா நிறுவனத்தின் நெக்ஸான் மின்சாரக் கார், 312 கிலோமீட்டர் என்ற சான்றிதழுடன் வந்தது. அந்தத் தூரம் தமக்குக் கிடைக்கவில்லை என்று ஒருவர் புகார் செய்ய, 2021 மார்ச்சில் தில்லி அரசு அந்தக் காருக்கான மானியத்தை நிறுத்தி வைத்தது. உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. சான்றிதழ்த் தூரம் சோதனைக் கூடத்தில் குறிப்பிட்ட நிலைமைகளில் அளந்தது. சாலையும் ஓட்டும் விதமும் குளிர்சாதனமும் அதை மாற்றும் என்பது நிறுவனத்தின் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும் அந்த உண்மையைப் பணம் வாங்கிய பிறகு சொல்வதைவிட, வாங்கும் முன்னரே சொல்வதன்றோ முறை?

நமது மலை ரயிலைப் பாருங்கள். சமவெளி எஞ்சினை அப்படியே கொண்டுவந்து, "நன்றாக ஏறும்" என்று யாரும் சொல்லவில்லை. 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தை அளந்து, அதற்கெனப் பல்சக்கரப் பாதை அமைத்தார்கள். 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. மலையை மதித்தவர்களுக்கு மலை வழிவிட்டது!

புதுமையை முதலில் வாங்குகிறவர் குறையே இல்லாத பொருளை எதிர்பார்க்கக் கூடாது. சில்லறைத் தொல்லைகள் வரும். மெக்கானிக்கே அப்போதுதான் கற்றுக்கொண்டிருப்பார். அடுத்த ஆண்டே அதைவிட நல்ல மாதிரி வந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் உண்மையை எதிர்பார்க்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஏற்றத்தில் எவ்வளவு போகும், இறக்கத்தில் எவ்வளவு திரும்பும், குளிரில் என்ன ஆகும், பேட்டரி பழுதானால் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் தரவேண்டியது விற்பவரின் கடமை. மலைச் சாலைக்கென்று தனி அளவு ஒன்றைக் கேட்டு வாங்கித் தரவேண்டியது அரசின் கடமை.

2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. வண்டிகளின் பெருக்கத்தை இந்த மலை தாங்காது என்பதே அதன் பொருள். புகை கக்காத வண்டிகள் இங்கே அவசியம் தேவை. ஆனால் முதலில் வாங்கிய பத்துப் பேர் ஏமாந்தால், பின்னால் வரவேண்டிய ஆயிரம் பேர் வரமாட்டார்கள்.

மாமாவின் கடன் இன்னும் தீரவில்லை. அத்தையின் நகையும் இன்னும் வீடு திரும்பவில்லை. எனினும் ஸ்டாண்டில் இப்போது அவரை யாரும் ஏமாளி என்பதில்லை. "அண்ணே, ஏற எவ்வளவு ஆகிறது?" என்று கேட்டு வருகிறார்கள். அவர் என் கணக்குத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். அந்தத் தாளை விற்பனை நிலையமே தரும் நாள் வரவேண்டும்!