வெளியே தெரியாத கசிவு



அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் அதைப் பேணி ஓட்டுவோர் இன்றும் இருக்கிறார்கள். அதன் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் சக்கரங்களின் உட்புறத்தில் பிரேக் ஆயில் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பார். எங்கும் ஈரமில்லை, ஆயில் அளவும் குறையவில்லை என்றாலும் அத்துடன் நிறுத்தமாட்டார். பெடலை மெதுவாக அழுத்தி, அப்படியே பிடித்திருப்பார். அது சிறிது சிறிதாகக் கீழே இறங்கினால், பழுது பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிறது. தேய்ந்துபோன ரப்பர் வாஷரைத் தாண்டி ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடுகிறது. வெளியே ஒரு துளியும் விழாது. விரைந்து பலமுறை மிதித்தால் பெடல் சற்று நேரம் உறுதியாக நிற்கும். ஓட்டுகிறவர் ஏமாறுவது அங்கேதான்.

பிரியமானவர்களே, சபையில் நாம் வெளியே சிந்தும் பாவங்களை மட்டுமே கடிந்துகொள்கிறோம் என்று எண்ணுகிறேன். குடித்துத் தள்ளாடுகிறவரை எல்லாரும் அறிவோம். உடன்பிறந்தவனோடு பல ஆண்டுகளாகப் பேசாமலே திருவிருந்தில் பங்குபெறுகிறவரை யார் அறிவார்? உபவாச ஜெபமும் கன்வென்ஷன் கூட்டமும் நம்மைச் சில நாள் உறுதியாய் நிறுத்தும். வீட்டில் நீடிக்கும் ஒரு சிறிய அழுத்தமோ நம் உள்ளத்தின் உண்மை நிலையைக் காட்டிவிடும்.

சங்கீதம் 139-இல் தாவீது தன் இருதயத்தை ஆராய்ந்து சோதிக்கும்படி தேவனிடத்தில் வேண்டுகிறார். பிரேக்கை மலையிறக்கத்தில் அல்ல, கார் நிற்கும் இடத்திலேயே சோதிப்பது அறிவு. இந்த வாரம் தேவசமுகத்தில் அமைதியாய் அமர்ந்து அந்த வேண்டுதலை நமதாக்குவோம். பிணங்கியிருக்கும் சகோதரனிடத்திற்கு இன்றே செல்வோம். கர்த்தர் தாமே நம்மைச் சீர்ப்படுத்துவாராக. ஆமென்.