இமை வீங்கினா ஆபரேஷன் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை

நம்ம ஊர்ப்பக்கம் கண் ஆபரேஷன்னாலே புரை ஆபரேஷன்தான். முகாம் வண்டியில ஏறிப் போறாங்க, ரெண்டு மூணு நாள்ல கறுப்புக் கண்ணாடியோட திரும்பி வர்றாங்க. முகத்துல பெருசா ஒரு மாற்றமும் தெரியாது. அதே நினைப்போட இமை ஆபரேஷன் செஞ்சவங்களைப் பார்க்கப் போறப்பதான் வில்லங்கம் ஆரம்பிக்குது.

வயசானவங்களுக்கு இமை உள்பக்கமா மடங்கி முடி கண்ணுல உரசும். சிலருக்கு மேல் இமை தொங்கிப் பார்வையை மறைக்கும். முடி உரசுறதை அப்படியே விட்டா கருவிழியில புண்ணாகிப் பார்வையே போகலாம். அதைத் தடுக்கத்தான் ஆபரேஷன். ஆனா உடம்புலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான். அங்க கத்தி பட்டா வீங்காம இருக்காது. முதல் ரெண்டு மூணு நாள் வீக்கம் ஏறும். காலையில எழுந்ததும் இன்னும் அதிகமா தெரியும். மேல் இமையில அறுத்தாலும் ரத்தக்கட்டு கன்னம் வரைக்கும் இறங்கிக் கறுக்கும், அப்புறம் மஞ்சளாகும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல நல்லா வடிஞ்சிடும்.

பிடுங்கி நட்ட நாத்தும் சில நாள் பழுத்து நின்னுதானே பச்சை பிடிக்குது? அதுக்காக யாராவது ஒப்பாரி வைக்கிறோமா?

ஆனா மூணாம் நாள் போய்ப் பார்த்துட்டு "ஐயோ, கண்ணைக் கெடுத்துட்டாங்களே"ன்னு சொல்லிடறோம். படுத்திருக்கிறவங்க மனசு உடையுது. அதைவிட மோசம், அடுத்த தெருவுல முடி உரசிக் கண்ணீரோட இருக்கிற பாட்டி "எனக்கு ஆபரேஷனே வேண்டாம்"னு உட்கார்ந்துடறாங்க. வீக்கத்தைவிடப் பெரிய வியாதி இந்தப் பேச்சுதான்னு நான் சொல்வேன்.

அடுத்தது கைவைத்தியம். தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு, நந்தியாவட்டைப் பூவைப் பிழிஞ்சு விடு. ஆறாத தையல்ல இதெல்லாம் பட்டா சீழ் பிடிக்கும். மருத்துவர் கொடுத்த மருந்து போதும். முதல் ரெண்டு நாள் சுத்தமான துணியில குளிர்ச்சியா ஒத்தடம், ஒரு தடவைக்கு பத்து நிமிஷம். ஐஸை நேரா வைக்கக் கூடாது. ரெண்டு தலையணை வச்சுத் தலையை உயர்த்திப் படுக்கணும்.

இன்னொரு பேச்சும் உண்டு: "கண்ணுலதானே ஆபரேஷன், கை கால் நல்லாத்தானே இருக்கு?" குனிஞ்சு களை எடுக்கிறது, சாணி அள்ளுறது, குடம் தூக்குறது எல்லாத்துலயும் ரத்தம் முகத்துக்கு ஏறும். வீக்கம் கூடும், உள்ளே ரத்தம் கசியவும் செய்யும். வைக்கோல் தூசி வேற. மருத்துவர் சொல்ற வரைக்கும் காட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது.

எல்லா வீக்கமும் சும்மா இருக்கிற வீக்கம்னும் சொல்லல. திடீர்னு வலி ஏறுது, பார்வை மங்குது, கண்ணு முன்னால தள்ளுது, ரத்தம் நிக்கலன்னா, விடியட்டும்னு காத்திருக்காம ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வடிஞ்சுட்டு வந்த வீக்கம் மறுபடி சிவந்து சூடா ஏறினாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் அடிச்சாலும் உடனே காட்டணும்.

பார்க்கப் போறவங்க முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்ட வேண்டாம். அவங்க வீட்டு மாட்டுக்கு ஒரு கட்டு புல் அறுத்துப் போட்டுட்டு வாங்க. அதுதான் அவங்களுக்கு இப்போ வேண்டியது.