மலைத்தோட்டத்துப் புல்வெட்டி: பக்கவாயா, பின்வாயா?

ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் மா, நெல்லி, சீதா, பலா முதலிய தோட்டங்களை வைத்திருப்போர் சிலர் இப்பொழுது சிறு டிராக்டர்களை வாங்கி வருகின்றனர். பதினெட்டு முதல் இருபத்தேழு குதிரைச் சக்தி வரையுள்ள இவ்வண்டிகள் மரவரிசைகளுக்கிடையே நுழைந்து திரும்பத் தக்கன. வண்டி வாங்கியவர் அடுத்தபடியாக வினவுவது, மழைக்காலத்தில் மரங்களினடியில் இடுப்பளவு வளரும் புல்லை வெட்டுதற்கு எவ்விதப் புல்வெட்டியை இணைப்பது என்பதே. வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் வீசுவது ஒன்று. பின்புறமாகத் தள்ளுவது மற்றொன்று. வியாபாரிகள் பெரும்பாலும் விலை குறைந்ததையே முதலிற் காட்டுவர். அது பக்கவாய் உள்ளதாகவே இருக்கக் காண்கிறோம். மலைப்பாங்கான நிலத்துக்கு அது உசிதமன்று என்பது எமது அபிப்பிராயம்.

புல்லை ஏன் வெட்டவேண்டும், உழுதுவிட்டாலென்ன என்று கேட்கும் பழைய குடியானவர்களும் உளர். சமவெளியில் அக்கேள்வி நியாயமானதே. சரிவிலோ, உழுது புரட்டிய செம்மண் முதற் பெருமழைக்கே கீழிறங்கிவிடும். செய்யாறு இம்மலையிலேயே உற்பத்தியாகிறது. இங்குக் கரையும் மேல்மண் கீழே ஏரிகளில் வண்டலாய்த் தங்குவதைப் போளூர், செங்கம் பக்கத்து நிலச்சுவான்தார்கள் நன்கறிவர். புல்லின் வேரை மண்ணில் நிறுத்தி, தலையை மட்டும் வெட்டி, வெட்டியதை அங்கேயே மூடாக்காய் விடுவோருக்கு மண்ணும் ஈரமும் மிஞ்சும். ஆகவே புல்வெட்டி ஆடம்பரப் பொருளன்று.

இனி யந்திரத்தைக் கவனிப்போம். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுழல்கிறது. அச்சுழற்சி கியர்ப்பெட்டியாலும் பெல்ட்டுகளாலும் பன்மடங்காகி, கவிழ்த்த தாம்பாளம் போன்ற இரும்புக் கூட்டினுள் இரண்டு அல்லது மூன்று கத்திகளைச் சுழற்றுகிறது. இக்கூட்டையே டெக் என்பர். அமெரிக்காவில் வீட்டுப் புல்வெட்டிகளின் கத்தி நுனிக்கு நிமிஷத்துக்கு 19,000 அடி என்று மேல்வரம்பு வகுத்துள்ளனர். மணிக் கணக்கிற் சொன்னால் ஏறக்குறைய 347 கிலோமீட்டர். அவ்வேகத்தில் ஒரு கூழாங்கல் அகப்பட்டால் அது கல்லன்று, குண்டு.

பக்கவாய் டெக்கில் இடக்கத்தி வெட்டிய புல்லும் நடுக்கத்தி வெட்டியதும் டெக்கின் நீளத்தைக் கடந்து வலப்புறத் திறப்பின் வழியே வெளிவரும். புல் உயரமாயும் வறண்டும் இருக்குமிடத்தில் இது தடையின்றி வேலை செய்யும். ஆனால் புல் முழுவதும் ஒரு பக்கத்தில் வரிசையாய்க் குவியும். ஈரப்புல்லாயின் அக்குவியலின் கீழுள்ள புல் மஞ்சளித்து அழுகும். பின்வாய் டெக்கிலோ, ஒவ்வொரு கத்தியும் தான் வெட்டியதைத் தன் பின்னே விடுவதால் புல் அகலமாய்ப் பரவுகிறது. மேலும் இருபுறமும் திறப்பின்மையால், இடமாயினும் வலமாயினும் மரத்தை ஒட்டிச் செல்லலாம். பக்கவாய் உள்ளதை வலப்புறம் மரத்தோடு ஒட்டி ஓட்டினால் சரளைக்கற்கள் அடிமரத்திற் பட்டுப் பட்டை கிழியும். மாமரத்தின் பட்டைக் காயம் தண்டு துளைப்பானுக்கு வாயில் திறந்து வைப்பதாகும்.

இவை யாவும் பொருளைப் பற்றியவை. உயிரைப் பற்றியதே எமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. மலைக் கிராமங்களிற் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே வேலியென்று ஒன்று இராது. ஆடு மேய்க்கும் சிறுவரும், சுள்ளி பொறுக்கும் ஸ்திரீகளும் மரங்களினூடே நடமாடுவர். மேட்டு வயலில் ஓடும் யந்திரம் வலப்புறம் வீசிய கல், கீழ்த்தட்டில் இருப்பவர் தலைக்கு நேராய் வரும். சில ஆண்டுகளுக்கு முன் அடிவாரத்துத் தோட்டமொன்றில் யாம் கண்டது நினைவை விட்டு அகலவில்லை. பக்கவாயின் மேலுள்ள தகரத் தடுப்பு, புல் அடைக்கிறதென்று கம்பியால் மேல்நோக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஓட்டி அதைக் குற்றமாகவே கருதவில்லை. சற்று நேரத்தில் நாற்பதடிக்கு அப்பாலிருந்த மாட்டுக்கொட்டிலின் ஓடு ஒன்று நொறுங்கிற்று. கொட்டிலில் அவ்வேளை மாடுமில்லை, ஆளுமில்லை, அது தெய்வாதீனம். பின்வாயிலும் கல் வரும். ஆனால் அது பின்னே தாழ்வாய்ச் செல்லும், சங்கிலித் திரையோ ரப்பர்த் திரையோ அதனைத் தடுக்கும். வண்டியின் பின்னே ஆள் வராமற் காப்பது எளிது. வலப்புறச் சரிவு முழுவதையும் காப்பது எளிதன்று.

பின்வாயிலும் குறைகள் உண்டு. அடர்ந்த ஈரப்புல்லில் அது திரளைகளாய் உதிர்க்கும். ஆகையால் பனி உலர்ந்தபின் வெட்டவேண்டும், இடுப்பளவு வளரவும் விடலாகாது. டிராக்டரின் பின்னே மும்முனை இணைப்பில் தொங்கும் எவ்வகைப் புல்வெட்டியாயினும், சக்கரம் மிதித்த புல் படிந்து வெட்டுப்படாமல் நிற்பது இயல்பு. பின்பாரம் மிகுந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகித் திருப்புதல் தவறும்; முன்னே எடைக்கட்டிகளை மாட்டாமல் மலைச்சரிவில் ஏறுதல் கூடாது. செங்குத்தான சரிவின் குறுக்கே ஓட்டி வண்டியைக் கவிழ்த்துக்கொள்வதற்கு எவ்வாய் டெக்கும் பொறுப்பன்று. அத்தகைய தட்டுகளுக்குத் தோளில் மாட்டும் புல்வெட்டியோ, அரிவாளோதான் ஏற்றது.

அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓரடி அகலத்துக்குப் பி.டி.ஓ.வில் ஐந்து குதிரைச் சக்தி என்பது அனுபவக் கணக்கு. இருபத்துநான்கு குதிரைச் சக்தியுள்ள வண்டி பி.டி.ஓ.வில் இருபதுக்கு மேல் தருவது அரிது. எனவே நான்கடி டெக்கே போதும். ஐந்தடி வாங்கியவர் முழங்காலளவுப் புல்லில் எஞ்சின் திணறக் கண்டு வருந்துவர். சாமை அறுக்க இது உதவுமா என்றும் சிலர் கேட்கின்றனர். உதவாது, கதிரும் தாளும் தூளாய்ப் போம். மாட்டுத்தீவனத்துக்கு நீள்புல் வேண்டுவோரும் இதை நம்பலாகாது.

பக்கவாயை முற்றும் விலக்கச் சொல்லுகிறோமா? இல்லை. அடிவாரத்தில் சமதரையாய், கல் பொறுக்கிச் சுத்தமான, வேலியிட்ட பெரிய மாந்தோப்பு உள்ளவர் அதை வாங்கலாம். வெட்டிய புல்லை மரத்தடிக்கே வீசி மூடாக்காக்கும் வசதி அதிலேதான் உண்டு. அவ்வாறு வீசும்போது அடிமரத்துக்கு மூன்றடி விலகியே செல்லவேண்டும். திறப்பு வலப்புறமாதலின், வேலியோரத்து முதலிரண்டு சுற்றை வலஞ்சுழியாய் ஓட்டினால் வீச்சு தோப்பின் உட்புறம் விழும்; பாதையில் நடப்போருக்கு அபாயமில்லை. அதன்பின் இடஞ்சுழியாய்த் திருப்பினால் புல் வெட்டிய தரைமேல் விழும், டெக் அடைபடாது. பார்த்தீனியம் மண்டிய தோப்பாயின், பூக்குமுன் வெட்டுக. விதை கட்டியபின் வெட்டினால் விதையை மரத்தடிதோறும் தூவியதாகவே முடியும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதிற் கவனம் செலுத்தவேண்டுகிறோம். 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் பழங்குடியினர், பட்டியலினத்தார், பெண்கள், சிறு குறு விவசாயிகள் ஆகியோருக்கு 50 சதவீதமும் ஏனையோர்க்கு 40 சதவீதமும் மானியம், உச்சவரம்புக்குட்பட்டு, வகுக்கப்பட்டது. வாடகை மையம் அமைப்பதற்கும் அதில் உதவி உண்டு. தனியொருவர் தம் தோப்புக்கு வாங்குவது அவர் விருப்பம். வாடகைக்கென வாங்கும் யந்திரமோ புதூர்நாட்டிலும் ஜமுனாமரத்தூரிலும் கைமாறிக் கைமாறி, பழகாத ஓட்டிகளிடம், பழகாத நிலத்தில் ஓடும். ஆதலின் மையங்களுக்குப் பின்வாய் டெக்கையே, திரை நான்குபுறமும் பொருந்தியதாய்ப் பார்த்து வாங்குதல் வேண்டும். ஒவ்வொரு வாடகையின் போதும் திரையும் கத்திப் போல்ட்டும் சரியாயுள்ளனவா என்று பதிவேட்டில் குறித்துக் கையொப்பம் பெறுவது நலம். நிலத்துக்காரர் முதல்நாளே தோட்டத்தை நடந்து கல்லையும் பழைய கம்பியையும் பொறுக்கியிராவிடில், அன்று யந்திரத்தை அனுப்பாமலிருக்க மையத்துக்கு உரிமை இருக்கவேண்டும்.