மஹய்யாவுக்கு ஆசனம் எங்கே?

கண்டி மாநகரம் விடியுமுன்பே கூட்டித் துடைத்து வைக்கப்படுகிறது. துடைத்து வைப்போர் யார்? வெள்ளையர் ஆட்சியில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, மஹய்யாவ லயன்களில் குடியேற்றப்பட்ட நகரசுத்தித் தொழிலாளரின் வழிவந்தோர். 1988இல் உலக மரபுரிமை நகரம் என்று கண்டிக்குச் சூட்டப்பட்ட முடி இவர்கள் துடைப்பத்தால் துலங்குகிறது. இந்நகரின் அபிவிருத்தி பற்றிப் பேசும் மேசையில் இவர்களுக்கு ஆசனம் உண்டா என்று கேட்கின்றோம்.

அபிவிருத்திச் சபைகள் இந்நாட்டுக்குப் புதியனவல்ல. அமெரிக்காவில் 1933இல் எழுந்த டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையை முன்மாதிரியாகக் கொண்டு, 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை பிறந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது! 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை. 1979இல் மகாவலி அதிகார சபை. பெயர்கள் மாறின, கொழும்பிலிருந்து ஆணை இறங்கும் படிக்கட்டு மாறவில்லை. உலக வங்கிக் கடனில் 2014இல் தொடங்கிய மூலோபாய நகரங்கள் திட்டமும் கண்டிக்கு அந்தப் படிக்கட்டின் வழியேதான் வந்தது.

2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அதிகார சபைக்குச் சட்டம் இயற்றினார்கள். வரவேற்றோம். ஆனால் அது பெயரிலேயே தோட்டம் என்று வேலி கட்டிக்கொண்டு பிறந்தது. மஹய்யாவத் தொழிலாளி தோட்டத்தானுமல்லன். நகரத்தார் கணக்கிலும் அவனைச் சேர்ப்பாரில்லை. வேலை தேடும் அவன் பிள்ளை விலாசத்தை எழுதத் தயங்குகிறான். அந்தத் தயக்கத்தை எந்தச் சபை தன் திட்டத்தில் எழுதியிருக்கிறது?

“நிபுணர்கள் அமரும் சபையில் துப்புரவுத் தொழிலாளிக்கு என்ன வேலை?” என்பர் சிலர். எல்சல்வடோரைப் பார்க்கட்டும். உள்நாட்டுப் போர் 1992இல் ஓய்ந்த அந்நாட்டின் மொரசான், சலத்தெனங்கோ ஆகிய பகுதிகளில் ஐக்கிய நாடுகள் துணையோடு உள்ளூர்ப் பொருளாதார அபிவிருத்தி முகவரகங்கள் அமைந்தன. உள்ளூராட்சி மன்றத்தாரும் கூட்டுறவாளரும் உழவர் அமைப்பினரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். சிறு கடன் யாருக்கு, எத்தொழிலுக்கு என்பதை ஊரே பேசித் தீர்த்தது.

கண்டிக்கும் அத்தகைய முகவரகம் வேண்டும். வணிகர், நடைபாதை வியாபாரி ஆகியோரோடு, மஹய்யாவ மக்கள் தாமே தெரிந்தெடுத்த பிரதிநிதிகளும் அதில் அமரவேண்டும். நியமன உறுப்பினர் அல்லர்! கொஹாகொடையில் ஆண்டுக்கணக்காக மலைபோற் குவிந்த குப்பையில் உரமும் உண்டு, விலைபோகும் பொருளும் உண்டு. அதைத் தரம்பிரிக்கும் அறிவு எவரிடம் இருக்கிறது? தலைமுறைகளாக அதைச் சுமந்தவரிடம். அத்தொழில் ஒப்பந்தக்காரன் கைக்குப் போகாது, அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தின் கைக்கு வரட்டும். மாநகர சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென நிதி ஒதுக்க வேண்டுமென்று கோருகின்றோம்.