தையல் பிரிச்சா முடிஞ்சுபோச்சா?

"காயந்தான் ஆறிருச்சே, இன்னும் என்ன?" இதைக் கேட்காத ஆள் யட்டியாந்தோட்டையில் உண்டா? கங்காணி கேட்டார். கணக்கப்பிள்ளை கேட்டார். என்னோடு ரப்பர் பால் வெட்டின பெண்களே கேட்டார்கள்.

மழைக்கு வழுக்கின மலையில் பால் வாளியோடு விழுந்து, கல்லில் மண்டை அடிபட்டது எனக்கு ஞாபகமில்லை. அதுக்குப் பிறகு நடந்ததெல்லாம் ஞாபகமிருக்கு. விடிந்தால் எழும்ப முடியாது. பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டால் என்னவென்று கேட்கத் தோணாது. அடுப்பில் சோறு தீய்ந்து லயக்காம்பரா முழுக்கப் புகை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இறக்கணும் என்று தெரியுது, கை எழவில்லை. அழக்கூட வரவில்லை.

அதுக்கு நீங்கள் வைத்த பேர் என்ன? வேலைக்கள்ளி. நடிப்புக்காரி. முனி அடிச்சவள். பூசாரிக்குக் கொடுத்த காசும் கடன். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. வேலையில் அடிபட்டவருக்கு நட்டஈடு கொடுக்க 1934லேயே இந்த நாட்டில் சட்டம் போட்டாச்சு. எனக்கு யார் சொன்னது? சங்கத்துக்காரரே, மாசாமாசம் சந்தா பிடித்தீர்களே, ஒருத்தராவது வந்து பார்த்தீர்களா?

கிளினிக்கில் கண்ணுக்கு டோர்ச் அடித்தார்கள், தழும்பைத் தடவினார்கள், "ஹரி, யன்ன", சரி, போ என்று அனுப்பினார்கள். மனசு எப்படி இருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இதையெல்லாம் சிங்களத்தில் எப்படிச் சொல்வேன்? தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்களே, அந்தக் கிளினிக் வாசலுக்கு அது வரவே இல்லையே!

மகள் வாசித்துச் சொன்னாள். அமெரிக்காவில் சியாட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில், தலையடி பட்டு வந்த 559 பேரை ஒரு வருஷம் கவனித்து 2010இல் எழுதியிருக்கிறார்களாம். பாதிப்பேருக்கு மேல் கடும் மனச்சோர்வு. அதில் பாதிப்பேருக்குக்கூட வைத்தியம் கிடைக்கவில்லை.

அப்போ இது நோய்தானே? அடியோடு சேர்ந்தே வந்த நோய்தானே? டொக்டர்மாரே, தெரிந்த நீங்கள் வாயைத் திறக்காதது ஏன்? துண்டு வெட்டி அனுப்பும்போது என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மனுஷன் என்மேல் கை நீட்டியிருப்பாரா? என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்து ஆத்தாவோடு போய்ப் படுத்திருப்பானா?

உங்கள் லயத்திலும் யாராவது தலையடி பட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தால், தயவுசெய்து ஏசாதீர்கள். டொக்டரிடம் கூட்டிப் போய், தழும்போடு சேர்த்து இதையும் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற நம்பருக்கு எடுத்துக் கேளுங்கள். அவர் நடிக்கவில்லை. நானும் நடிக்கவில்லை.